கம்ப்யூட்டரும் புள்ளிக் கணக்கும் நமக்கு வேண்டாமா?

கல்வி என்பது இந்நாட்டில் எல்லோருக்கும் பொதுவான சொத்தாக ஒரு நாளும் இருந்ததில்லை என்பது நமது வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதியேயாகும். சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டுவிட்டால் அந்தக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்ம சாஸ்திர காலம் ஒன்று. பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடத்திலும் மிச்ச நேரம் அப்பன் தொழிலிலும் கிடக்கட்டும் என்று 1953-ல் ஆச்சாரியார் திட்டம் போட்டு, மக்களுடைய எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் 1954-ல் அவர் பதவியையும் விட்டுப்போக, அத்திட்டமும் ஒழிந்த காலம் மற்றொன்று. இன்று ஈயமும் இல்லை, அரை நாள் பள்ளியும் இல்லை. ஆனால் கதவு முழுதும் திறந்துவிட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயர்ந்த படிப்பு என்று சொல்லப்படுவதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை. அந்தப் பரீட்சையில் தேறுவதற்கு இரண்டு வருஷம் தனிப் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் பணம். பணம் இருப்பவன் பிள்ளைக்குத் “தகுதி” வருகிறது. இல்லாதவன் பிள்ளைக்கு வருவதில்லை. பதினெட்டு வயதில் தவறவிட்டவன் பிறகு பட்டறைக்கோ, துணிக் கடைக்கோ, கட்டட வேலைக்கோ போய்ச் சேர்ந்தால் அவனுக்குப் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். பெண்ணாயிருந்தால் கலியாணத்தோடு முடிந்தது என்று அர்த்தம். இவர்களை எல்லாம் மூளையில்லாதவர்கள் என்று எந்த யோக்கியன் சொல்ல முடியும்?

இப்படிப்பட்டவர்களுக்காகவே ஏற்பட்டதுதான் வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெறும் முறை. இது நேற்று முளைத்ததல்ல. லண்டன் சர்வகலாசாலை 1858-லேயே, எந்தக் கலாசாலையிலும் சேராதவனும் வந்து தன் பரீட்சையை எழுதலாம் என்று சாசனம் வாங்கிற்று. 1878-ல் பெண்களுக்கும் பட்டம் கொடுத்தது. 1969-ல் அதே நாட்டில் திறந்த சர்வகலாசாலை ஒன்றை ஏற்படுத்தி, “முன்பு என்ன படித்தாய்?” என்று கேளாமலே 1971 முதல் மாணாக்கர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே கணினிப் படிப்போடு புள்ளியியலையும் சேர்த்து ஒரே பட்டமாக எடுக்கவும் வழி செய்தார்கள். நம் தேசத்தில் டில்லி சர்வகலாசாலை 1962-ல் தபால் படிப்பை ஆரம்பித்தது. 1982-ல் ஆந்திராவில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. இன்று அது டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே. 1985-ல் இந்திரா காந்தி பெயரால் ஒன்றும், 2002-ல் தமிழ்நாட்டுக்கென்று ஒன்றும் வந்தன.

இவற்றையெல்லாம் விட நமது கவனத்துக்கு உரியது, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்து 2021-ல் பாடம் ஆரம்பித்த படிப்பாகும். ஐ.ஐ.டி. என்றாலே யாருக்காக என்று நாம் பலகாலும் கேட்டுவந்திருக்கிறோம். அந்த மதிலுக்குள்ளிருந்தே, அதன் பெரிய நுழைவுப் பரீட்சை இல்லாமல், கணினிக்கு நிரல் எழுதுவதையும் புள்ளியியலையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டம் ஒன்று வெளியே வந்தது. பன்னிரண்டாவது தேறியவர் எந்தப் பிரிவு படித்திருந்தாலும், எந்த வயதாயிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருந்தால் போதும். முதலில் நான்கு வாரம் பாடம் நடத்தி, அதற்குப் பிறகே பரீட்சை வைத்துச் சேர்க்கிறார்கள். அதாவது, சொல்லிக் கொடுக்காததைக் கேட்டு விரட்டுவதில்லை. சொல்லிக் கொடுத்ததைக் கேட்கிறார்கள். தேறினவர்க்கெல்லாம் இடம் உண்டு. பாடம் வீட்டிலே, பரீட்சை மட்டும் மையத்திலே நேரில். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்கு ஒரு சான்றோ டிப்ளமாவோ கையில் கிடைக்கும். தாழ்த்தப்பட்டோருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணச் சலுகையும் உண்டு.

சரி, கம்ப்யூட்டர் படித்தால் உத்தியோகம் கிடைக்கும், இந்தப் புள்ளிக் கணக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நமது பதில் இதுதான்: புள்ளிக் கணக்குத் தெரியாதவன் கையில் கம்ப்யூட்டர் இருப்பது, புதுப் பூசாரியிடம் புதுக் கோயில் இருப்பது போன்றது. சந்தேகமிருப்பவர்கள் எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் போய்ப் பார்க்கலாம். அங்கே “கம்ப்யூட்டர் ஜாதகம்” என்று பலகை தொங்குகிறது. ஓலைச் சுவடியில் இருந்த புளுகு அச்சு யந்திரத்திலிருந்து வந்தால் உண்மையாகிவிடுமா? யந்திரத்துக்கு வேகம் உண்டு, விவேகம் கிடையாது. புளுகைப் போட்டால் புளுகையே ஆயிரம் மடங்கு வேகத்தில் கொடுக்கும். வந்தது உண்மையா பொய்யா என்று சோதிக்கும் சாஸ்திரம் ஒன்று தனியே வேண்டும். அதுதான் புள்ளியியல்.

ஜோசியன் பிழைப்பதெல்லாம் எதனால்? பலித்ததை ஊர் பேசுகிறது. பலிக்காததை ஊர் மறந்துவிடுகிறது. நூறு வீட்டில் “ஆண் பிள்ளை” என்று சொன்னால் சுமார் ஐம்பது வீட்டில் பலித்தே தீரும். அந்த ஐம்பது வீட்டாரும் தட்சணையோடு வருவார்கள்; மற்றவர்கள் தலைவிதி என்று வீட்டிலிருப்பார்கள். பலித்ததோடு பலிக்காததையும் எழுதி வை என்பதுதான் புள்ளியியலின் முதல் பாடம். பகுத்தறிவின் முதல் பாடமும் அதுவேயல்லவா?

இதை வாயால் சொல்லாமல் செய்தே காட்டியவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் வான சாஸ்திரி ஜயந்த் நார்லீகரும், மூடநம்பிக்கை ஒழிப்பில் உழைத்த நரேந்திர தபோல்கரும் வேறு சிலரும் சேர்ந்து, படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மன வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆக 200 பேருடைய ஜாதகங்களைத் திரட்டினார்கள். அவற்றைக் கலந்து, ஜோசியர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகம் அனுப்பி, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடை எழுதி அனுப்பியவர்கள் 27 பேர். அவர்கள் சொன்னதில் சரியாயிருந்தது நூற்றுக்கு 46! காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்திருந்தால் நூற்றுக்கு 50 வந்திருக்கும். 2009-ல் இது விஞ்ஞானப் பத்திரிகையிலே வெளியாயிற்று. 2013 ஆகஸ்டு 20-ந் தேதி தபோல்கர் புனாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையைக் கணக்கெடுப்பவனுக்கு இந்நாடு கொடுக்கும் சன்மானம் இது.

இந்தச் சோதனையிலிருந்தே, இரண்டு வித்தையும் ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் விளங்கும். 40 ஜாதகத்தில் 24-ஐச் சரியாகச் சொன்ன ஜோசியர் ஒருவர் இருந்தால், நம்மூர் அவரை மகா ஞானி என்று பல்லக்கில் வைத்துவிடும். ஆனால் 27 பேரிடம் ஆளுக்கொரு காசைக் கொடுத்து நாற்பது தடவை சுண்டச் சொன்னால், அவர்களில் மூன்று நான்கு பேருக்கு 24-ம் அதற்கு மேலும் “பலித்து”விடும் என்று கணக்குச் சொல்லுகிறது. ஒரு முறை பார்க்கவே 1,080 தடவை காசு சுண்ட வேண்டும். கையால் எத்தனை முறை செய்வது? கம்ப்யூட்டருக்குப் பத்து வரியில் நிரல் எழுதிக் கொடுத்தால், அதே சோதனையை ஆயிரம் தடவை செய்து கண் மூடித் திறப்பதற்குள் விடை சொல்லிவிடும். எதைக் கேட்க வேண்டும் என்பதைப் புள்ளியியல் சொல்லுகிறது. கேட்டதைக் கம்ப்யூட்டர் செய்து முடிக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று குருடனும் நொண்டியுமாய்த் தனித்தனியே கிடப்பதுதான்.

ஜோசியத்தோடு விஷயம் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் 2020-ல் தொற்று நோய் காரணமாகப் பரீட்சை வைக்க முடியாமல் போய், பிள்ளைகளுக்குக் கணினிக் கணக்கு ஒன்றைக் கொண்டு தரம் போட்டார்கள். அந்தக் கணக்கு எப்படி என்றால், ஒரு பள்ளிக்கூடத்தில் முன் வருஷங்களில் படித்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்று பார்த்து, இவ்வருஷத்துப் பிள்ளைக்குத் தரம் போடுவது. உபாத்தியாயர்கள் மதிப்பிட்டிருந்த தரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைக்கப்பட்டது. ஏழைப் பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன் அங்கே படித்தவர்களின் குறையைத் தன் தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. இதற்கும் நம் நாட்டு வருணாசிரமத்துக்கும் என்ன வித்தியாசம்? பாட்டன் எப்படியோ பேரனும் அப்படியே என்பதுதானே இரண்டும்? ஆனால் அங்கே பிள்ளைகள் தெருவுக்கு வந்து கூச்சலிட்டார்கள். ஆகஸ்டு 13-ந் தேதி வந்த தரங்களை 17-ந் தேதியே வாபஸ் வாங்கினார்கள். யந்திரம் சொன்னால் அது தலையெழுத்து என்று இருந்துவிடாததால் பிழைத்தார்கள். நாளைக்கு இங்கேயும் கடன் கொடுப்பதா, வேலை கொடுப்பதா, ரேஷன் கார்டைத் தள்ளுவதா என்பதையெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகள் தீர்மானிக்கையில், “இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய்? எந்தப் புள்ளியைச் சேர்த்தாய், எதை விட்டாய்?” என்று கேட்க நம்மில் ஆள் வேண்டாமா?

மேலும், வகுப்புவாரி உரிமை என்பதே புள்ளிக் கணக்கின்மேல் நிற்பதாகும். முழு ஜாதிக் கணக்கை வெளியிட்ட கடைசி ஜனத்தொகைக் கணக்கு 1931-ஐச் சேர்ந்தது. மண்டல் கமிஷன் 1980-ல் அறிக்கை கொடுத்தபோதும் அந்தப் பழைய ஏட்டையே புரட்ட வேண்டியிருந்தது. 2023-ல் பீகாரில் எண்ணி வெளியிட்டபோது, பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சேர்ந்து நூற்றுக்கு 63-க்கு மேல் என்றும், பொதுப் பிரிவார் 15.52 என்றும் தெரியவந்தது. 2025 ஏப்ரலில்தான் இந்திய சர்க்கார் அடுத்த ஜனத்தொகைக் கணக்கில் ஜாதியையும் எண்ணுவதாக முடிவு செய்தது. எண்ணாமல் இருந்ததால் யாருக்கு லாபம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எண்ணுவதோடு காரியம் தீர்ந்துவிடாது. எண்ணியதைப் பிரித்துப் பார்த்து அர்த்தம் சொல்லும் மூளைகளும் நம்மிடமே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் தலையை எண்ணுவது நாமாகவும், அதற்குப் பாஷ்யம் எழுதுவது வேறொருவராகவும் முடியும்.

இனி, தபால் பட்டம் மட்டமானது என்று சொல்லும் மேதாவிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொலைதூர முறையில் பெற்ற பட்டமும் கலாசாலையில் உட்கார்ந்து பெற்ற பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக்கியது. பகலெல்லாம் உழைத்து இரவில் கணக்குப் போட்டுத் தேறியவன் எந்த விதத்தில் தாழ்ந்தவன்? ஆனால் நம் தோழர்களும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். பட்டம் விற்கும் கடைகளும் இருக்கின்றன. பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். இன்ஜினீயரிங் போன்ற தொழில் படிப்புகளைத் தபால் வழியில் நடத்தலாகாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியிருப்பதையும் மறக்கக்கூடாது.

குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஐ.ஐ.டி. படிப்பு இங்கிலீஷில் நடக்கிறது. தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் தடை அதுவே. தமிழ்நாட்டு மண்ணில் தமிழர் வரிப்பணத்தையும் கொண்டு நடக்கும் இடத்தில், தமிழில் பாடப் புத்தகம் வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, பாத்தியதை. இரண்டாவது, வெளியே திறந்த இந்தச் சன்னலைக் காட்டி, உள்ளே இருக்கும் பெரிய கதவைச் சாத்திவிட யாரும் நினைக்கலாகாது. பணக்காரனுக்கு மதிலுக்குள் ஆய்வுச் சாலையும் விடுதியும், ஏழைக்கு மதிலுக்கு வெளியே படக்காட்சியும் என்று நிரந்தரமாகப் பிரிந்துவிட்டால் அது நவீன வருணாசிரமமே ஆகும். சர்க்கார் புதுக் கலாசாலை திறக்காமலிருக்கவும் இதைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

பெண்களைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். கலியாணமாகி, பிள்ளை பெற்று, படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு இது பெரிய வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்து, “ஊர் விட்டு ஊர் போய்க் கெட்டுப்போவானேன், வீட்டிலேயே படி” என்று சொல்லும் தகப்பன்மார்களுக்கு இது ஆயுதமாகக்கூடாது. பையனைப் பட்டணத்துக் கலாசாலைக்கும் பெண்ணை அடுப்பங்கரைச் சர்வகலாசாலைக்கும் அனுப்புவது கல்வியல்ல, காவலே. கலாசாலை கிடைக்காதவளுக்குத்தான் இது வழியே தவிர, கலாசாலையைக் கிடைக்காமற் செய்வதற்கு வழியல்ல. வீட்டில் படிக்கும் பெண்ணுக்கும், அவளுக்கென்று ஒரு கருவியும், தினம் இரண்டு மணி நேரமும், அந்த நேரத்தில் அடுப்பைக் கவனிக்கப் புருஷனும் வேண்டும். இதைக் கொடுக்காமல் “அவளுக்குப் படிப்பில் மனமில்லை” என்று பேசுவது அயோக்கியத்தனம்.

ஆகவே நமது வேண்டுகோள் சுருக்கமானதே. ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும், பத்திரிகை கிடக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் வைக்க வேண்டும். கணக்குத் தெரிந்த தோழர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை வந்து உட்கார வேண்டும். தனியாகப் படிக்கத் தொடங்கினவர் சோர்ந்து நடுவில் விட்டுவிடாமலிருக்க, நாலு பேராய்ச் சேர்ந்து படிக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கும் ஊரில் இதற்கு மட்டும் பணமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

கடவுள் எழுதினான் என்று நம் பாட்டன் ஏமாந்தான். பஞ்சாங்கம் எழுதிற்று என்று நம் அப்பன் ஏமாந்தான். கம்ப்யூட்டர் எழுதிற்று என்று நம் பிள்ளையும் ஏமாறாதிருக்க வேண்டுமானால், அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கவும், அது எழுதிக் கொடுத்ததைச் சோதிக்கவும் அவனும் அவளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.