மோட்டார் போயிடுச்சா? யார் சொன்னது?

பொம்மை ரயில் எஞ்சின் ஓடாமல் நின்றுவிட்டால் நம் ஊரில் ஒரே தீர்ப்புதான். "மோட்டார் போயிடுச்சு சார்." அதற்கடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும். "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்குங்க." எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

34 வருஷம் மின்சார லோகோ ஷெட்டில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இது பரிசோதனை இல்லை, சோம்பேறித்தனம். அந்தக் குட்டி எஞ்சினுக்குள் இருப்பதிலேயே கெட்டியான சாமான் மோட்டார்தான். அது கடைசியாகத்தான் சாகும். சந்தேகப்பட வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிற பாதையை.

பாதை என்றால் என்ன? கன்ட்ரோலரிலிருந்து அதிகபட்சம் 12 வோல்ட் டி.சி. தண்டவாளத்துக்கு வருகிறது. தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்தின் பின்புறம் உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டுக்கு, அங்கிருந்து ஒயர் வழியாக மோட்டாருக்கு. நிஜ ரயிலில் மேலே கம்பியில் 25,000 வோல்ட், தண்டவாளம் கரன்ட் திரும்பிப் போகும் வழி. பொம்மையில் இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் மறு முனை. 25,000 வோல்ட்டுக்குக் கொஞ்சம் தூசி ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட்டுக்கு அது மதில் சுவர். நம் வீட்டு மின்விசிறித் தூசியும் எஞ்சினில் அள்ளி விட்ட எண்ணெயும் சேர்ந்து சக்கரத்தில் கறுப்புப் பசையாக ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பசைதான் முதல் குற்றவாளி.

போன கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி நண்பர், பேரனுடைய எஞ்சினைக் கொண்டுவந்தார். ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பையனின் மாமா ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்தது. நகரத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். 'செக்கிங் சார்ஜ்' வாங்கிக்கொண்டு அதே தீர்ப்பைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் முதலில் பார்த்தது அடியில் இருக்கும் திருகை. அதன் தலையில் கம்பெனியில் அடித்த கறுப்பு பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. திறக்காமலே போஸ்ட்மார்ட்டம்!

திறந்தால், அச்சில் ஒரு நீள வெள்ளை முடி சுற்றியிருந்தது. பாட்டியுடையதாக இருக்கும். ஒரு பக்கத் தகடு வளைந்து சக்கரத்தைத் தொடாமல் நின்றது. மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும்தான் செலவு. முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் மேஜையைச் சுற்றியது.

எனக்குக் கோபம் அந்தப் பணத்துக்காக இல்லை. ஒன்பது வயதுப் பையன் இரண்டு மாதமாக 'என் எஞ்சின் செத்துப்போச்சு' என்று நம்பிக்கொண்டிருந்தான். ஒரு பொருள் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று கேட்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அடுத்தது என்ன வாங்கலாம் என்று கேட்கத்தான் பெரியவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

கேட்கத் தெரிந்தால் எஞ்சினே பதில் சொல்லும். முன் விளக்கைப் பாருங்கள். விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் கரன்ட் உள்ளே வரவே இல்லை. தண்டவாளம், சக்கரம், தகடு, இவற்றைத் துடையுங்கள். விளக்கு எரிகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கரித்தூள் அடைத்திருக்கலாம். ஷெட்டில் டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சினின் ஆறு மோட்டார்களுக்கும் நாங்கள் பார்த்தது இதே பிரஷ்ஷையும் இதே கம்யூட்டேட்டரையும்தான். அங்கே பிரஷ் உள்ளங்கையில் அடங்கும், இங்கே அரிசி அளவு. மோட்டார் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், அல்லது அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். டிகோடர் வைத்த டிஜிட்டல் எஞ்சின் என்றால் கொஞ்சம் நிதானம். மோட்டாரில் நேராக பாட்டரியை வைத்துவிடாதீர்கள், டிகோடர் போய்விடும். முதலில் 3-ஆம் எண்ணில் கூப்பிட்டுப் பாருங்கள். புதிதாக வரும்போது பெரும்பாலும் அந்த விலாசத்தோடுதான் வரும்.

வைத்தியம் தெரியாமல் கை வைக்கிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தண்டவாளத்தை எமரி பேப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். இன்னும் சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். தோசைக்கல்லா அது?

"கூலி கட்டுப்படியாகாது சார்" என்பார் கடைக்காரர். வாடகை, கரன்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் "எனக்கு ரிப்பேர் பார்க்க நேரமில்லை" என்று சொல்லட்டும். அது உண்மை, அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பார்க்காத மோட்டாருக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க அவர் யார்? திறக்க முடியாதபடி மேல்கூட்டைப் பசை போட்டு ஒட்டி அனுப்பும் தயாரிப்பாளர்களும் இதில் கூட்டு. நான்கு திருகுகளுக்கு ஆகிற செலவை மிச்சம் பிடித்து, ஒரு பையனுக்கு உள்ளே எட்டிப் பார்க்கும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறார்கள்.

எல்லாம் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. பழைய எஞ்சின்கள் சிலவற்றில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் வார்ப்பே உள்ளுக்குள் வெடித்து, பிஸ்கட் போல உதிரும். அதற்கு மருந்து கிடையாது. மோட்டாரின் சுருள் உண்மையிலேயே கருகியும் போகலாம். ஆனால் கருகிய சுருளுக்கு ஒரு வாசனை உண்டு. மீட்டரில் அளந்தும் பார்த்துவிடலாம்.

ஆகவே அடுத்த தடவை "மோட்டார் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தீர்களா, மீட்டர் என்ன காட்டியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எஞ்சினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பேரனை மேஜையில் எதிரே உட்காரவைத்து, ஸ்க்ரூ டிரைவரை அவன் கையில் கொடுங்கள். கழற்றிய திருகுகளைப் போட ஒரு கிண்ணம் வேண்டும். காந்தம் வைத்த கிண்ணமானால் இன்னும் நல்லது, நம் வீட்டுத் தரையில் விழுந்த திருகு யாருக்குக் கிடைத்திருக்கிறது?