பாலும் பிண்ணாக்கும்

குழந்தைக்கு முதலில் ஊட்டுவதும் நோயாளிக்குக் கடைசிவரையில் கொடுப்பதும் பாலேயாம். சோற்றை வெறுப்பவரும் பாலை வெறுப்பதில்லை. இத்தகைய பொருளை எவ்வளவு கவலையோடு காக்கவேண்டுமென்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், காவல் புரியவேண்டிய இடத்தை விட்டு வேறோரிடத்தில் நின்று காவல் புரிகின்றோமோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்டிவனத்தைச் சார்ந்த ஓமந்தூர் என்றவுடன், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக விளங்கிய இராமசாமி ரெட்டியார் அவர்களே பலர் நினைவிற்கும் வருவார்கள். அவ்வூரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் மணிலாக் கடலைக்குப் பேர்போனது. எங்கள் பக்கத்தார் அதனை மல்லாட்டை என்பர். டி.எம்.வி. என்று பெயரிய கடலை வகைகள் திண்டிவனத்து ஆராய்ச்சிப் பண்ணையினின்றும் தோன்றியமையால் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. கடலையைச் செக்கிலிட்டால் எண்ணெய் மனிதர்க்கு, பிண்ணாக்கு மாட்டிற்கு. ஆகவே, கடலை விளையும் கொல்லைக்கும் நாம் பருகும் பாலுக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுவதினும் நெருங்கியதாகும்.

சில ஆண்டுகட்கு முன் மழைக்காலத்தில் அப்பக்கத்து உறவினர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். வீட்டுப் பெரியம்மையார் கொட்டிலில் பிண்ணாக்கை ஊறவைத்துக்கொண்டிருந்தார். கட்டிகளின்மேல் பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவர் அதனைத் துணியால் துடைத்துவிட்டுத் தொட்டியில் இட்டார். “இது கெட்டுப் போயிற்றே, பெரியம்மா!” என்றேன். “மாடுதானே தின்னப்போகிறது, தம்பி, விலை குறைத்துத் தந்தான், வீணாக்கலாமா?” என்றார். மறுநாட் காலை அம்மாட்டின் பாலிற் பெரும்பகுதி சங்கத்திற்குச் சென்றது. ஒரு குவளை மட்டும் பேரக்குழந்தைக்கென்று எடுத்து வைக்கப்பட்டது.

அவ்வம்மையார் பாலில் ஒரு துளி நீரும் கலந்தாரல்லர். பால்மானியை இட்டுப் பார்ப்பவர் அதிற் குற்றங் காணார். ஆனால் குற்றமற்ற பாலா அது?

நம் நாட்டில் உணவுச் சட்டங்கள் பெரிதும் கலப்படத்தை நோக்கியே எழுந்தன. 1918-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கலப்படத் தடைச் சட்டம் ஒன்று உண்டாயிற்று. 1954-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில், 2006-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் நடைபெற்று வருகின்றது. நீர் கலத்தல், மாவு கலத்தல் முதலிய வஞ்சகங்களை ஒறுப்பதில் இச்சட்டங்கள் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையமே 2018-இல் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளின் சோதனை நமக்கு ஒரு புதுச் செய்தியைக் கூறிற்று. உடலுக்குத் தீங்கு தரும் கலப்படம் காணப்பட்டவை 12 மாதிரிகளே. அஃப்ளடாக்சின் எம் 1 என்னும் நஞ்சு வரம்பு மீறிக் காணப்பட்டவையோ 368. மருந்துகளின் எச்சம் வரம்பு மீறியவை 77. தமிழ்நாட்டில் சோதித்த 551 மாதிரிகளில் 88-இல் அந்நஞ்சு மிகுந்திருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

இந்நஞ்சு யாது? 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேஸில் தேசத்தினின்று வந்த கடலைப் பிண்ணாக்கிற் படிந்த பூஞ்சணமே காரணமெனத் துணிந்தனர். ஈரமான கடலையிலும், சோளத்திலும், பருத்திக்கொட்டையிலும் வளரும் அப்பூஞ்சணம் ஈரலிற் புற்றுநோய் விளைக்கவல்ல நஞ்சை உண்டாக்குகின்றது. மாடு அதனைத் தின்றால், ஒரு சிறு பகுதி உருமாறி ஒரு நாளைக்குள்ளாகவே பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சுவதால் கிருமிகள் மாயும், இந்நஞ்சு மாயாது. ஒரு கிலோகிராம் பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இஃது இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. ஐரோப்பியர் விதியோ அதிற் பத்தில் ஒரு பங்கு.

இதில் ஆறுதலும் ஒன்றுண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே பால் தூய்மையடைகின்றது. நோய்க்கு மருந்து பாலிடத்தில் இல்லை, தொட்டியிடத்தில் உண்டு.

இங்கேதான் நம் சட்டத்தின் குறை வெளிப்படுகின்றது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ‘உணவு’ என்பதற்குப் பொருள் வகுக்கும்போது, கால்நடைத் தீவனத்தை அதனுள் அடங்காதென விலக்கிவிட்டது. பால் உணவு, பாலாக மாறும் பிண்ணாக்கு உணவன்று! 2020-இல் ஆணையம் விற்பனைத் தீவனங்களுக்குத் தர முத்திரை வேண்டுமெனக் கட்டளையிட்டது உண்மையே. ஆனால் அதன் கெடு பின்னர் தள்ளி வைக்கப்பட்டது. வாயிலைத் திறந்து வைத்து மாடத்திற்குக் காவலிடுவாரை உலகம் என்னென்று கூறும்?

மேல்நாட்டாரும் இப்பாடத்தை எளிதிற் கற்றாரல்லர். இறந்த விலங்குகளின் இறைச்சி எலும்பு மாவை மாடுகளுக்குத் தீவனமாக இட்டமையால் பிரிட்டனில் மாட்டுப் பித்த நோய் பரவிற்று. 1986-இல் அது கண்டறியப்பட்டது. அந்நோய் மனிதரையும் பற்றக்கூடுமென 1996-இல் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அந்நாட்டில் 170-க்கு மேற்பட்டோர் அதனால் உயிர் துறந்தனர். அதன் பின்னரே, 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் பொது உணவுச் சட்டத்தில் தீவனத்தையும் சேர்த்துக்கொண்டது. நாமும் பிணங்களை எண்ணிய பின்புதான் கற்கவேண்டுமோ?

‘இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழைகளின் தலையில் இன்னும் ஒரு சட்டத்தைச் சுமத்தலாமோ?’ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கூட்டுறவுச் சங்கத்திற்கே பால் முழுவதையும் ஊற்றும் உறுப்பினருக்குப் பதிவு வேண்டாமென இன்றைய விதிகள் விலக்களித்திருப்பது நன்றேயாம். அதனை நீக்குக என நான் கூறவில்லை. பெரியம்மையாரைத் தண்டிப்பதால் பயன் யாது? கெட்ட பிண்ணாக்கைக் குறைந்த விலைக்கு விற்றவரையன்றோ சட்டம் தேடிச் செல்லவேண்டும்! சோதனை செக்கு ஆலையிலும் தீவனக் கிடங்கிலும் தொடங்குக. ஆலையார் ஒவ்வொரு சுமைக்கும் சோதனைச் சீட்டு அளிப்பாராக. கொழுப்பைப் பார்த்துப் பாலுக்கு விலை தரும் சங்கங்கள், நல்ல தீவனத்தால் வந்த பாலுக்கும் சிறிது மிகுதியாகத் தருமாயின், குடியானவர் தாமே விழிப்படைவர். மழைக்காலத்தில் கடலையை உலர்த்தவும் பிண்ணாக்கை ஈரம் படாது வைக்கவும் ஊர்தோறும் ஒரு பொதுக் களஞ்சியம் அமையுமேல், தண்டத்தால் ஆகாதது அதனால் ஆகும்.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் கொட்டிலும் கொல்லையும் உள்ள இல்லங்களினின்று வந்தவர்கள். இரசாயன சாலையில் நாம் கற்பவை விடுமுறையில் வீட்டு வாயிலைத் தாண்டுவதில்லை என்பது நமக்குப் பெருமையாகாது. சட்டம் திருந்தும் நாள் திருந்தட்டும். அதுவரை, அடுத்த விடுமுறையில் ஊர் சென்றதும் பிண்ணாக்கு மூட்டையை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். பச்சை படர்ந்திருந்தால், துடைத்து இடவேண்டாமென்று வீட்டாருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நாம் தின்னத் தகாதென்று கழித்ததை மாடு நமக்கே பாலாகத் திருப்பித் தருகின்றது என்னும் உண்மையை அவர்கள் அறிவாராயின், அடுத்த குவளையைப் பேரக்குழந்தைக்கு எடுத்து வைக்குமுன் ஒருகணம் தயங்குவர். அத்தயக்கமே நாம் விரும்பும் சீர்திருத்தத்தின் தொடக்கமாகும்.