முருகனும் மெக்காவும் ஒரே அச்சகத்தில்

சிவகாசியில் ஒரே அச்சகத்தில் முருகன் காலண்டர் ஓடும். அடுத்து வேளாங்கண்ணி மாதா, பிறகு மெக்கா. படம்தான் மாறும், இயந்திரம் மாறாது.

1920-களில் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் பின்னர் நாடெங்கும் காலண்டர் அனுப்பியது. ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் அரசமைப்பின் முகவுரையில் ஏறியது 1976-இல்தான். சிவகாசிக்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. எல்லாம் வியாபாரம் என்பார்கள். இருக்கட்டுமே, வியாபாரம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று!

உள்ளூர்க் கதை இப்படி இருக்க, வெளிநாட்டார் கண்ணில் அன்றைய இந்தியா என்றால் பாம்பாட்டி, சாமியார், பஞ்சம்.

அந்தக் காலத்தில்தான், 1966-இல், விருதுநகர்க்காரரான காமராஜர், காங்கிரஸ் தலைவராக சோவியத் நாட்டுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போனார். சுதந்திரம் பெற்று இருபது ஆண்டுகூட நிரம்பாத நாட்டின் முகமாகப் போனவர், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். சிவகாசி அச்சகம் போலவே, அவரும் எந்த ஒரு மதத்தின் ஆளாகவும் போகவில்லை.

இன்று நம் தூதரகங்கள் யோகாவையும் தீபாவளியையும் முன்னிறுத்துகின்றன. இரண்டும் நம்முடையவைதான், தப்பில்லை. ஆனால் தீபாவளிக்குப் பட்டாசு அனுப்பும் சிவகாசியிலேயே மாதாவும் மெக்காவும் அச்சாகும் கதையையும் சேர்த்துச் சொல்லலாமே. சுவரில் மாட்ட ஒரு காலண்டர் போதும்.