டீ, சமோசா, தேர்தல் நிதி: அமெரிக்காவின் 'ஹவுஸ் பார்ட்டி' அரசியல் எப்படி இயங்குகிறது... எங்கே தடம் மாறுகிறது?

அரசியல் கூட்டத்துக்குப் போனால் பிரியாணி பொட்டலம் கிடைக்கும், சில நேரம் கையில் காசும் கிடைக்கும் என்பது நம்மூரில் பழகிப்போன பேச்சு. அமெரிக்காவில் இதை அப்படியே தலைகீழாகப் போட்ட மாதிரி ஒரு வழக்கம் இருக்கிறது. ஆதரவாளர் ஒருவர் தெரிந்தவர்கள் இருபது, முப்பது பேரைத் தன் வீட்டுக்கு அழைப்பார். டீ, ஸ்நாக்ஸ் அவர் செலவு. வந்தவர்கள் சாப்பிட்டு, பேசி, கேள்வி கேட்டு, கடைசியில் ஒரு வேட்பாளருக்கோ உள்ளூர்ப் பிரசாரத்துக்கோ நிதி கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். இதற்குப் பெயர்தான் 'ஹவுஸ் பார்ட்டி'.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், வீட்டு ஹாலில் நடப்பதாலேயே ஒரு நிகழ்ச்சி அடித்தட்டு அரசியல் ஆகிவிடாது. ஒருவர் தலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள், உள்ளே பேசுவதை வெளியே சொல்ல முடியுமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கும்?

ரொம்ப சிம்பிள். அரை மணி நேரம் அரட்டை. பிறகு, இந்த வேட்பாளரை ஏன் ஆதரிக்கிறேன் என்று வீட்டுக்காரர் தன் அனுபவத்திலிருந்து சில நிமிடங்கள் பேசுவார். வேட்பாளர் நேரில் வருவார், இல்லையென்றால் வீடியோ காலில் வருவார். கேள்வி பதில் முடிந்ததும் வருவதுதான் முக்கியமான கட்டம்: பணம் கேட்பது.

பெரும்பாலான வீட்டு விருந்துகள் சொதப்புவதும் இங்கேதான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காசு கேட்க யாருக்குமே கூச்சமாக இருக்கும். "முடிஞ்சதைக் கொடுங்க" என்று இழுத்தால், எல்லோரும் சமோசாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதனால் அனுபவசாலிகள் இரண்டு விஷயங்களைச் செய்கிறார்கள். இது நிதி திரட்டும் கூட்டம் என்று அழைப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு வீட்டுக்காரரே முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு, "நான் 50 டாலர் போட்டிருக்கேன், நீங்களும் போடுங்க" என்று தொகையைச் சொல்லிக் கேட்கிறார். இருபது பேர் ஆளுக்கு 50 டாலர் போட்டால் ஒரே மாலையில் 1,000 டாலர்.

2,000 டாலர் விருந்தும் ஒரு சாண்ட்விச்சும்

இந்த வழக்கம் பழையது. அதை இணையத்தோடு இணைத்துப் பெரிதாக்கியவர்களில் முக்கியமானவர் வெர்மான்ட் மாகாண முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன். 2004 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் அவர் இறங்கியபோது, அவருடைய ஆதரவாளர்கள் நாடு முழுக்க வீட்டுக் கூட்டங்கள் போட்டார்கள்.

2003 ஜூலையில் அப்போதைய துணை அதிபர் டிக் செனி, தலைக்கு 2,000 டாலர் என்ற கட்டணத்தில் ஒரு மதிய விருந்துக்குத் தயாரானார். டீன் தரப்போ, கணினி முன் உட்கார்ந்து அவர் சாண்ட்விச் சாப்பிடும் படத்தை இணையத்தில் போட்டு, "எங்களோடும் சாப்பிடுங்கள்" என்கிற பாணியில் சிறு நன்கொடை கேட்டது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள், தொகை 5 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு முழுவதும் அவர் திரட்டியது 4 கோடி டாலருக்கும் மேல்.

ஆனாலும் டீன் ஜெயிக்கவில்லை. 2004 ஜனவரியில் ஐயோவா மாகாணத்தில் 3-ம் இடம். பிப்ரவரியில் போட்டியிலிருந்தே விலகினார். நிதி கொடுக்கும் கூட்டம் எல்லாமே ஓட்டுப் போடும் கூட்டம் ஆகிவிடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

50 டாலர் 450 டாலர் ஆவது எப்படி?

நியூயார்க் நகரத்தில் இந்தச் சின்ன விருந்துகளுக்கு வேறு மாதிரியான பலம் உண்டு. அங்கே பொதுநிதித் திட்டத்தில் சேர்ந்த மேயர் வேட்பாளருக்கு, நகரவாசி ஒருவர் கொடுக்கும் முதல் 250 டாலர் வரை, ஒவ்வொரு டாலருக்கும் நகர நிர்வாகம் 8 டாலர் சேர்த்துத் தரும். அதாவது 50 டாலர் கொடுத்தால் வேட்பாளர் கைக்குப் போவது 450 டாலர். இருபது பேர் கூடிய ஹாலில் திரண்ட 1,000 டாலர், தகுதி விதிகள் பொருந்தினால், 9,000 டாலர் ஆகிறது. பணக்காரர் ஒருவரைத் தேடிப் போவதை விட, நகரத்துச் சாமானியர் இருபது பேரைத் தேடிப் போவதே வேட்பாளருக்கு லாபம்.

2025 மேயர் தேர்தலில் ஜோரான் மம்தானி இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார். கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலில், செலவுக்கான உச்சவரம்பான சுமார் 80 லட்சம் டாலரைத் தொடும் அளவுக்கு நிதி திரண்டதும், மார்ச் மாதமே "இனி பணம் வேண்டாம், களத்துக்கு வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். வீட்டு விருந்தின் உண்மையான பயன் இதுதான். 20 டாலர் கொடுத்தவருக்கு அந்தத் தேர்தலில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அடுத்த வாரம் வீடு வீடாகக் கதவைத் தட்டக் கூப்பிட்டால், அவர் வருவார்.

மொய் நோட்டு மாதிரி கணக்கு

புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிபடும். ஒரு வித்தியாசம்: மொய் திரும்பி வரும், நன்கொடை வராது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு இரண்டிலுமே முக்கியம்.

அமெரிக்க மத்திய தேர்தல் சட்டப்படி, ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 2025–26-ல் அதிகபட்சம் 3,500 டாலர் தரலாம். ரொக்கம் என்றால் 100 டாலர் வரைதான். மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் கொடுத்தவரின் பெயர், முகவரி, வேலை, பணியிடம் எல்லாம் தேர்தல் ஆணையத்திடம் பதிவாக வேண்டும். வீட்டில் விருந்து வைப்பவர் உணவு, அழைப்பிதழுக்காகச் செலவிடும் தொகை, ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலர் வரை நன்கொடைக் கணக்கில் வராது. வசூலித்த பணத்தை 10 நாட்களுக்குள் வேட்பாளரின் பொருளாளரிடம் சேர்த்துவிட வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஹெச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும், உள்ளூர்த் தேர்தல் உட்பட, பணமாகவோ பொருளாகவோ எதையும் தரக்கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். விசாக்காரர்கள் சம்பளமில்லாத தன்னார்வலராக வேலை செய்ய மட்டும் அனுமதி உண்டு. "நான் காசு தர்றேன், நீ உன் பேர்ல போட்டுடு" என்று நண்பரிடம் சொல்வது குற்றம். மும்பையில் பிறந்த அமெரிக்க அரசியல் விமர்சகர் தினேஷ் டிசோசா, 2012 செனட் தேர்தலில் மற்றவர்கள் பெயரில் 20,000 டாலர் கொடுத்த வழக்கில் 2014-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2018-ல் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார் என்பது தனிக்கதை.

கதவை மூடினால் என்ன ஆகும்?

2012 மே மாதம் ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் ஒரு வீட்டில் மிட் ராம்னிக்காக விருந்து நடந்தது. இதுவும் ஹவுஸ் பார்ட்டிதான், ஆனால் தலைக்கு 50,000 டாலர். நாட்டில் 47 சதவீதம் பேர் அரசை நம்பியே இருப்பவர்கள், அவர்கள் எப்படியும் ஒபாமாவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்ற ரீதியில் ராம்னி அங்கே பேசினார். பரிமாற வந்தவர் அதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். செப்டம்பரில் வீடியோ வெளியானது. தேர்தல் முடியும் வரை அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

2019 டிசம்பரில் பீட் புட்டிஜெஜ் நாபா பள்ளத்தாக்கின் ஒயின் குகையில் நடந்த நிதி விருந்துக்குப் போனதை, விவாத மேடையிலேயே எலிசபெத் வாரன் போட்டுத் தாக்கினார். இரண்டு கட்சியிலும் இதே நோய் இருக்கிறது. காசு கொடுத்தவருக்கு மட்டும் ஒரு பேச்சு, மற்றவர்களுக்கு வேறொரு பேச்சு என்று ஆகிவிட்டால், அந்த வீட்டில் நடப்பது பேரம்தான்.

கடலில் கரைத்த பெருங்காயமா?

2024 தேர்தலில் எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கும் மேல் கொட்டினார். அதன் முன் இந்த 50 டாலர் எம்மாத்திரம் என்ற கேள்வி நியாயமானது. பணம் உள்ளவர்களின் நண்பர்களும் பணம் உள்ளவர்களாகவே இருப்பார்கள் என்பதால், வசதியான பகுதி வீடுகளில்தான் அதிகம் திரளும். அழைப்பது மேலதிகாரி என்றால், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனாலும், 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகிய இரவில், கறுப்பினப் பெண்கள் நடத்திய ஜூம் கூட்டத்தில் சுமார் 44,000 பேர் சேர்ந்து, சில மணி நேரத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் கமலா ஹாரிஸுக்காகத் திரட்டினார்கள். ஹாரிஸ் தோற்றார். ஆனால் அந்தப் பணத்துக்குப் பின்னால் ஒரே ஒரு முதலாளி நின்று கணக்குக் கேட்க முடியாது.

இங்கே நடக்குமா?

நடந்திருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் ஆம் ஆத்மி கட்சி நாக்பூரில் தலைக்கு 10,000 ரூபாய், பெங்களூரில் 20,000 ரூபாய் என்று விருந்து வைத்து நிதி திரட்டியது. அந்தத் தொகைக்கு அது சாமானியர் விருந்து இல்லை. 500 ரூபாய் விருந்தாக அது மாற வேண்டும்.

தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைகளுக்குக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் பெயர் சொல்லத் தேவையில்லை என்ற விதி அப்படியே இருக்கிறது. அதனால் இங்கே வீட்டுக் கூட்டம் போடுபவர்கள் சட்டம் கேட்பதை விடக் கூடுதலாகச் செய்ய வேண்டும்: ரொக்கம் வாங்காமல் யுபிஐ மட்டும், ஒவ்வொருவருக்கும் ரசீது, மறுநாளே மொத்தக் கணக்கு. சாப்பாட்டிலும் கவனம் தேவை. தேர்தல் நேரத்தில் விருந்து வைத்து வாக்காளரைக் கவர்வதும் லஞ்சம்தான் என்கிறது சட்டம். டீ, பிஸ்கட் போதும்.

கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கோபப்படும் ஐ.டி. ஊழியர், இதுவரை எந்த வேட்பாளருக்காவது 100 ரூபாய் கொடுத்திருக்கிறாரா? அரசியலுக்கு யாராவது செலவு செய்தே ஆக வேண்டும். சாமானியர் கொடுக்காத இடத்தை ஒப்பந்ததாரர் நிரப்பிவிடுகிறார். பிறகு சாலை யாருக்காகப் போடப்படுகிறது என்று கேட்டு என்ன பிரயோஜனம்?