டப்பா சொல்லாத சங்கதி

ஒரு சாதாரணக் கேள்விதாங்க கேட்டேன். "அண்ணே, இந்த டப்பாவுக்குள்ள என்ன எண்ணெய் இருக்கு?" கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான் மேலயே போட்டிருக்கே சார், டங் ஆயில் ஃபினிஷ்."

போட்டிருக்கு, ஒத்துக்கறேன். உள்ளே மரத்துக்குப் பூசற அந்த டங் ஆயில் நிஜமாவே இருக்கா? அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டில்கூட என்னென்ன சேர்த்திருக்குன்னு அச்சடிக்கறான். இத்தனை காசு கொடுத்து வாங்குற டப்பாவில் அதைப்பத்தி ஒரு வரி கிடையாது. இந்தப் பேரில் வர்ற பல சரக்கு, தின்னர் ஊத்தி நீர்க்கவிட்ட வார்னிஷ்தான். யார்கிட்ட போய்ச் சொல்ல?

விஷயம் என்னன்னா, வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யறேன். பாடி மகோகனி, நெக் மேப்பிள். "கடையில வாங்கிட்டாப் போச்சு, எதுக்கு இந்த வேலை?"ன்னு கேட்காத சொந்தக்காரங்க பாக்கி இல்லை. குவீன் பேண்டோட பிரையன் மே 1963ல் அப்பாவோட சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தை நெக்காக இழைச்சுப் பண்ண ஆரம்பிச்ச கிட்டார்தான் உலகம் பூரா கேட்ட கிட்டார்னு சொன்னா, "அவரு வெள்ளைக்காரரு"ங்கறாங்க. என்ன லாஜிக்கோ!

கிட்டாருக்கு மேல்பூச்சுன்னு அபார்ட்மென்டில் ஸ்ப்ரே அடிச்சா மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து சண்டைக்கு வரும். துணியில் தொட்டுத் தேய்க்கிற எண்ணெய்தான் நமக்குக் கதி. சரி, லின்சீட் ஆயிலாவது, அதான் ஆளிவிதை எண்ணெய், வாங்குவோம்னு பார்த்தா 'டபுள் பாய்ல்டு'ன்னு கொட்டை எழுத்து. யார் காய்ச்சினாங்க? பெரும்பாலும் சீக்கிரம் இறுகறதுக்காகக் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைக் கலந்த சரக்கு அது. எதுவும் கலக்காத பச்சை எண்ணெய்னா வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்.

அடுத்த புளுகு, '24 மணி நேரத்தில் உலரும்.' தண்ணி ஆவியாகிற கணக்கா இது? காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துக்கிட்டு எண்ணெயே இறுகணும். (தேங்காய் எண்ணெய் தடவச் சொன்ன மாமாவுக்கு: அது ஜென்மத்துக்கும் இறுகாது.) தொட்டா ஒட்டலைங்கறது வேற, முழுசா இறுகறது வேற. சுத்தமான டங் ஆயிலுக்கு ஒரு மாசம்கூடப் பிடிக்கும். அதுவும் ஐப்பசி மழையில், கொடியில் போட்ட வேட்டியே காயாத சென்னையில்!

மகோகனி வேற சும்மா இருக்காது. நுண்துளைகள் வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கும். எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைச்சு, அப்பாடான்னு உட்கார்ந்தா, குடிச்சதைப் பொட்டுப் பொட்டா வெளியே கக்கியிருக்கும். துடைங்க. அரை மணி கழிச்சுப் பாருங்க, மறுபடி பொட்டு. அப்படியே விட்டுட்டா ஒவ்வொண்ணும் கெட்டியாகி மரு மாதிரி பளபளன்னு நிக்கும். அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளும் நம்ம தோள்பட்டையும்தான்.

கடைக்காரர் யோசனை என்ன தெரியுமா? "ரெண்டு கோட்டு தடிமனா அடிங்க சார், ஷைனிங் வரும்." வரும், வரும். மேலே ஏடு கட்டி, அடியில் மாசக்கணக்கில் பிசுக்கு வரும்.

இதெல்லாம் வெறும் எரிச்சல். வயிறு எரியறது வேறொண்ணுக்கு. எண்ணெய் இறுகும்போது சூடாகும். பலகையில் மெல்லிசா இருக்கிறவரை ஒண்ணும் தெரியாது. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போட்டா, சூடு வெளியேற வழியில்லாம தானாப் பத்திக்கும். தீக்குச்சியே வேண்டாம். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசாங்கற 38 மாடிக் கட்டடத்தில் இப்படித்தான் நெருப்புப் பிடிச்சது. காரணம், லின்சீட் ஆயில் தோய்ஞ்ச துணிகள். தீயணைப்பு வீரர்கள் மூணு பேர் செத்துப்போனாங்க.

நான் வாங்கின டப்பாவில் இதைப்பத்தி ஒரு எழுத்து? ம்ஹூம். 'பிரீமியம் குவாலிட்டி'ன்னு தங்கக் கலர் முத்திரை குத்த மட்டும் இடம் இருக்கு. தயாரிக்கிறவன் சொல்றதில்லை, விக்கிறவருக்குத் தெரியறதில்லை, வாங்கற நாமளும் கேக்கறதில்லை. நம்ம ஊரில் முக்கால்வாசிச் சாமான் இப்படித்தானே விக்குது?

நீங்க கிட்டார் செய்ய வேண்டாம். ஊஞ்சல் பலகைக்கு, வாசக்கதவுக்கு எண்ணெய் பூசினாலும் சரி, துடைச்ச துணியைத் தண்ணியில் நனைச்சு, வெட்டவெளியில் விரிச்சுப் போடுங்க. பாலிஷ் போட வர்ற ஆசாரிகிட்டயும் சொல்லுங்க. அப்படியே, டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு கடையில் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. நான் ஒருத்தன் கேட்டா பைத்தியக்காரன்; நாலு பேர் கேட்டா அச்சடிச்சுத்தானே ஆகணும்?