யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?

மதிய மணி அடித்ததும் சத்துணவுக் கூடத்துச் சாம்பார் வாசம் வகுப்பறை வரை வந்துவிடும். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். சோறு வாங்கியபின் யார் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம், கொடிமேடைப் படிக்கட்டில் ஒரு கூட்டம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பையன் மட்டும் தனியே. ஆறாம் வகுப்பில் கலந்து உட்கார்ந்தவர்கள்தான் இவர்கள். ஒன்பதாவது வருவதற்குள் தெருவாரியாகப் பிரிந்துவிட்டார்கள். மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு ஏறுவதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருந்த நாட்களில் நான் பார்த்தது இது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரைச் சாதி வன்மத்தில் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே அந்தப் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் விசாரித்தபோதுதான் சீண்டலும் மிரட்டலும் வெளியே தெரிந்தன. அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தும், அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் வாங்கினார். நாம் பெருமைப்பட்டோம், சரி. அவர் வகுப்பில் ஒதுங்கி உட்காரத் தொடங்கிய முதல் நாளில் நாமெல்லாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சம்பவத்தையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம். பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு வேண்டாம். அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. அவசியமானவை. ஆனால் கயிறு விஷயத்தில் 2019லேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. கயிறு போகவில்லை. காரணம், அதைக் கட்டிவிடுவது பள்ளிக்கூடம் அல்ல. ஊர்க் கோயில் கொடையில் அண்ணன்மார் கட்டிவிடுகிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாமன் மகன் வைக்கும் பாட்டு அதை இறுக்குகிறது. ஓர் ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்தால் மறுநாள் வாசலில் பத்து பைக் வந்து நிற்கும். அப்போது அவர் பக்கத்தில் நிற்க ஊரில் நாலு பேர் வேண்டாமா?

சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் இந்தச் சாதிப் பிரிவினை வந்துவிட்டதை 2023இல் கண்ணால் பார்த்தோம். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் இருந்தார்கள். ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. விடியுமுன் எழுந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்புமா கிளறும் பெண்ணுக்கு ஊர் கொடுத்த மரியாதை அது.

ஆகவே பொறுப்பை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் நகர முடியாது. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்குத்தான் கொடுத்திருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள்; நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கும் உண்டு. நடப்பு என்ன? கூட்டம் வேலை நேரத்தில் நடக்கிறது. நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகும் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். பேச்செல்லாம் சுற்றுச்சுவர், கழிப்பறை, மேசை நாற்காலி பற்றித்தான். அவையும் வேண்டும். தொட்டி ஓரத்துப் பையனைப் பற்றி ஒருமுறைகூடப் பேச்சு எழவில்லை. நானும் எழுப்பவில்லை.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்கலாம். ஒரு மாதம் பள்ளியில் என்றால் மறுமாதம் காலனித் தெருவில் வைக்கலாம். எந்தப் பிள்ளை தொடர்ந்து விடுப்பு எடுக்கிறது, சாய்தளம் இருந்தும் சக்கர நாற்காலிப் பிள்ளை விளையாட்டு வகுப்பில் ஏன் வகுப்பறையிலேயே இருக்கிறாள் என்பதை முதலில் பேசிவிட்டுச் சுற்றுச்சுவருக்குப் போகலாம். ஆசிரியரிடம் சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு 14417, 1098 ஆகிய இலவச உதவி எண்கள் இருக்கின்றன. அவை வகுப்பறைச் சுவரில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டுக் காலண்டரிலும் எழுதி வையுங்கள். கயிற்றைப் பொறுத்தவரை, அதைக் கட்டிய கையே அவிழ்க்கட்டும். கொடைக் கமிட்டிப் பெரியவர்கள் வரும் கொடையிலேயே, பள்ளிப் பிள்ளைகளின் கையில் இது வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லட்டும். சுற்றறிக்கை போய்ச் சேராத இடத்துக்கு அந்தக் குரல் போய்ச் சேரும்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன மார்க் என்று கேட்கிறோம். இன்று ராத்திரி சோறு போடும்போது, "மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமானால், தட்டை எடுக்காமல் கூடவே உட்கார்ந்திருங்கள்.