மனை இல்லை, வரி இல்லை, ஓட்டு இல்லை

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே கள்ள ஓட்டு, பணப் பட்டுவாடா, பெட்டி தூக்கல் என்று அடுக்குகிறோம். எல்லாம் முறைகேடுதான். ஆனால் பெரிய முறைகேடு வாக்குச்சாவடி திறப்பதற்கு முன்பே பட்டியலில் நடந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அதைச் சட்டமே செய்தது.

1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானம் வெளியிட்டார். 1884இல் வந்த சென்னை நகராட்சிச் சட்டப்படி 32 உறுப்பினர்களில் 24 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். 'தல சுயாட்சியின் தந்தை' என்று ரிப்பனை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். யார் அந்த வரி செலுத்துவோர் என்று எந்த ஆசிரியரும் நின்று கேட்டதாக நமக்கு நினைவில்லை.

ராயபுரம் கடற்கரையில் மூட்டை சுமந்த கூலிக்கு வரிச் சீட்டு ஏது? நகர எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சாத்தாங்காட்டுப் பக்கத்துச் சேரிகளின் நிலை இன்னும் மோசம். அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு எழுதிய குறிப்பு இதைச் சொல்கிறது. குடிசை நின்ற மண்கூட மிராசுதாருக்கே சொந்தம் என்றார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். மனை தன் பெயரில் இல்லை, அதனால் வரி இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. ஓட்டு இருந்தவர்கள் தேர்தலில் மோசடி என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொள்ளலாம். ஓட்டே இல்லாதவர் எதைத் திருடினார்கள் என்று புகார் கொடுப்பார்? அவருக்கு மிஞ்சியது மனு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகு திருட்டின் முறை மாறியது. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. டிசம்பரில் வாக்குப்பதிவு நடந்தபோது பெட்டிகளையே தூக்கிச் சென்றார்கள். மறுவாக்குப்பதிவில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று அவரும் மேலும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்தாண்டுகள் தலைவரே நிலைக்கவில்லை.

2022இல் சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர் வந்தார். மகிழ்ச்சிதான். ஆனால் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடு ஏற்றி இறக்குபவர் ஒற்றை அறை வாடகைக்காரர். ஒப்பந்தப் பத்திரம் கேட்டால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார். அறை மாறினால் பெயர் பழைய தெருவில் நிற்கும், அல்லது நீங்கிவிடும். 2025 டிசம்பரில் வந்த தீவிரத் திருத்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் இறந்தவர், இரட்டைப் பதிவு எல்லாம் உண்டு. வாடகை வீடு மாறிய கூலிக்காரரும் உண்டு.

உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலே அடிப்படை. தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை. கல்லூரிப் பிள்ளைகள் இப்போதே தங்கள் தெருவின் பாகப் பட்டியலை எடுத்து வீடு வீடாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விடுபட்டவருக்குப் படிவம் 6 நிரப்பித் தரட்டும். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒன்றைக் கேளுங்கள்: நடைபாதையில் தூங்குபவரையே, அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்துச் சேர்க்க விதி இருக்கிறதே, வாடகைக்காரருக்கு மட்டும் ஏன் இல்லை?